மறு: லைக்கான் பிக்டஸ் – 'காட்டுநாய்' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

> 'ஆப்பிரிக்கக் காட்டுநாய்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

நம் விலங்குப் பெயர்ப் பட்டியலில் லைக்கான் பிக்டஸ் என்ற ஆப்பிரிக்க விலங்குக்குத் தமிழில் எந்தப் பெயர் வைப்பது என்ற பேச்சில் ஐயா கேட்டது நியாயம்தான். போன மாதம் டர்பனிலிருந்து எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளை ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி வனவிலங்குச் சரணாலயத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். 'காட்டுநாய்' என்று சொன்னதும் ஒரு சிறுமி, "யார் வீட்டிலிருந்து ஓடிப் போனது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

இது காட்டுக்குள் போய்விட்ட வீட்டு நாய் இல்லை. லைக்கான் என்ற பேரினத்தில் இன்று உயிரோடிருப்பது இது ஒன்றுதான். நாயின் முன்னங்காலில் ஐந்து விரல், இதற்கு நான்கு. வெறும் நாய், தொல்லை தரும் நாய் என்று எண்ணிப் பண்ணைக்காரர்கள் சுட்டார்கள்; சரணாலயக் காவலர்களே சுட்ட காலமும் உண்டு. இங்கே தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இல்லாமலே போய், 1980-81இல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கூட்டத்தின் வழிவந்தவற்றைத்தான் நாங்கள் பார்த்தோம். பெயரும் அந்த அழிவுக்குத் துணைபோனது என்றே நான் நம்புகிறேன்.

அக்கா முன்வைத்த 'வண்ண ஓநாய்' கேட்க அழகு. ஆனால் ஆப்பிரிக்காவில் உண்மையான ஓநாய்கள் இருக்கின்றன: எத்தியோப்பிய மலைகளில் ஒன்று; வடக்கே, நரி வகை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு, 2015இல் மரபணு ஆய்வால் ஓநாய் என்று தெளிவான மற்றொன்று. 'ஓநாய்' என்ற சொல்லை அவற்றுக்கே விட்டுவைப்போம். 'செந்நாய்' வேண்டவே வேண்டாம். அது முதுமலையில் திரியும் விலங்கு, சங்கப் பாடல்களிலேயே பெயர் பெற்றுவிட்டது.

மிஞ்சுவது அதன் உடம்புதான். கறுப்பு, வெள்ளை, மஞ்சட் பழுப்பு மூன்றும் கலந்து கிடக்கும் தோல். 1820இல் டெம்மிங்க் என்ற டச்சு விலங்கியலாளர் இதைக் கழுதைப்புலி வகை என்றே எண்ணினார்; ஆனால் 'வண்ணம் தீட்டியது' என்ற பொருளில் அவர் வைத்த அடைமொழி 'பிக்டஸ்' என்று இன்றும் நிற்கிறது. தமிழில் 'புள்ளிநாய்' என்றால் புள்ளிக் கழுதைப்புலியோடு குழம்பும். 'திட்டுநாய்' என்றால் பிள்ளைகள் ஏசுவதாக நினைப்பார்கள். மாட்டின் தோல் திட்டுகளை வைத்துச் சொல்லும் செம்மறை, கருமறை நினைவுக்கு வந்து 'மறைநாய்' என்று இரண்டு நாள் எழுதிப் பார்த்தேன். ஆனால் ஊர் மாடு பார்க்காத எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒளிந்திருக்கும் நாயாகத்தான் படும்.

ஆகவே என் முன்மொழிவு: கோலநாய்.

ஒன்றின் கோலம் இன்னொன்றுக்கு இருக்காது. ஆய்வாளர்கள் ஒவ்வொரு விலங்கையும் அந்தத் தோலை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். கோலம் என்றால் வடிவம், அழகு என்ற பொருளும் உண்டு. 1860இல் கப்பலேறி வந்த கரும்புத் தோட்டத் தமிழர் வழியில் மொழியே நழுவிப்போன வீடுகளிலும்கூட இந்தச் சொல் தங்கியிருக்கிறது. விளக்காமலே புரியும்.

அடுத்து, கறையான் தின்னும் ஆப்பிரிக்க விலங்கான ஆர்ட்வுல்ஃப். 'மண் ஓநாய்' என்று பட்டியலில் ஏறியிருப்பதைத் தயவுசெய்து நீக்குங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த டச்சுக் குடியேறிகள் கழுதைப்புலியைப் பார்த்து ஓநாய் என்றார்கள். பழுப்புக் கழுதைப்புலிக்கு அவர்கள் வழிவந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியில் இன்றும் 'கடற்கரை ஓநாய்' என்றுதான் பொருள்படும் பெயர். அவர்களின் கண்ணை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? ஆர்ட்வுல்ஃப் கழுதைப்புலிக் குடும்பம். பிசுபிசுத்த நீண்ட நாக்கால் ஒரே இரவில் 2,50,000 கறையான்வரை நக்கி எடுத்துவிடும். கடைவாய்ப் பற்கள் வெறும் முளைகளாகச் சுருங்கிவிட்டன. 'கறையான் கழுதைப்புலி' பொருந்தும். கழுதையும் இல்லை, புலியும் இல்லை என்று அந்தப் பெயரையும் யாராவது மறுக்கலாம். ஆனால் அது நம் மக்கள் வாயில் பழகி நிலைத்த சொல், அதில் கை வைக்க எனக்கு மனமில்லை.

வகுப்புக்கான படஅட்டைகள் வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. கோலநாய் என்று சேர்த்தே எழுதியிருக்கிறேன். பிரித்து எழுதினால் கோலம் போட்ட வீட்டு நாய் என்று ஆகிவிடுமோ என்ற அச்சம்தான். மாற்றுக் கருத்து இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.