ஃபுளோரிடாவில் சிங்கமீன் வளர்க்கலாமா?

கேள்வி: ஃபுளோரிடாவில் 2014 ஆகஸ்ட் முதல் உயிருள்ள சிங்கமீன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கும்போது, வீட்டுத் தொட்டியில் ஒன்றை வளர்ப்பது சட்டத்துக்கு உட்பட்டதா? எங்கள் வீட்டில் சிறு குழந்தையும் இருக்கிறது.

மறுமொழி 1: வெளியிலிருந்து கொண்டுவருவதும் இனப்பெருக்கம் செய்வதுமே தடைக்குரியவை, அம்மாநிலக் கடலில் பிடித்த மீனை வளர்க்கலாம். ஆனால், இந்தோ-பசிபிக் கடலுக்குரிய இம்மீன் 1985இல் அங்கே முதன்முதலாகக் காணப்பட்டதற்கும், பின்னர் பெருகிப் பவளப்பாறைகளின் சிறு மீன்களைத் தின்று குறைப்பதற்கும், தொட்டிகளிலிருந்து விடப்பட்டவையே காரணம் என்று கருதப்படுவதால், வளர்க்க முடியாமற்போனாலும் தயவுசெய்து கடலில் விட்டுவிடாதீர்கள், நண்பரே.

மறுமொழி 2: அதன் 18 முட்களில் நஞ்சு உண்டு. தொட்டியைச் சுத்தம் செய்கையில் குத்துப்பட்ட எனக்கு, பொறுக்கக்கூடிய சூடுள்ள, ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் நீரில் கையை அமிழ்த்திய பிறகே வலி தணிந்தது, மருத்துவரிடமும் சென்றேன். பூட்டிய மூடி இல்லாமல் வளர்க்கவே வேண்டாம்.

கேட்டவர்: நன்றி ஐயா. குழந்தை வளரும்வரை வாங்கமாட்டேன்.