மலைப்பயணத்துக்கு எந்தக் கத்தி, அதை எப்படித் தீட்டுவது?

கோவைப்பயணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மலையேற்றத்துக்கும் கூடாரத்தில் தங்குவதற்கும் பயன்படும் என்று சென்ற ஆண்டு கார்பன் எஃகுக் கத்தி ஒன்று வாங்கினேன். மடங்காத கத்தி; அலகு 7 அங்குலம், முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர். சில மாதங்களில் கூர் மழுங்கியதால் தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். அவர் உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்த்து இரண்டே நிமிடத்தில் திருப்பித் தந்தார். நுனியை ஒட்டி ஒரு விரல் நீளத்துக்கு விளிம்பு நீலம் பாரித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். அன்றைக்கு நன்றாகவே வெட்டியது. ஆனால் அடுத்த வாரம் தாண்டிக்குடியில் தங்கியிருந்தபோது, நைலான் கயிற்றை நான்கு துண்டு போடுவதற்குள் அந்தப் பகுதி முழுவதும் மழுங்கிவிட்டது. இரவுச் சமையலுக்குத் தக்காளி நறுக்கப் போனால், தோல் அறுபடாமல் பழம் நசுங்கியது.

இந்தக் கத்தியைக் காப்பாற்ற முடியுமா? வீட்டிலேயே தீட்டக் கற்றுக்கொள்வது எப்படி? வரும் டிசம்பரில் உத்தரகாண்டிலுள்ள கேதார்காந்தா சிகரத்துக்கு மலையேறச் செல்கிறேன். விமானத்திலும் காட்டுக்குள்ளும் இதை எடுத்துச் செல்ல அனுமதி உண்டா?

நீலமலைத்தடம்:

வணக்கம் நண்பரே. அனுமதி பற்றி மட்டும் சொல்கிறேன். தீட்டுவதைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஆயுத விதிகள் 2016-இன்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன; வீட்டு வேலை, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. உங்கள் கத்தி 7 அங்குலம் என்பதால் நீளத்தில் பிரச்சினை இல்லை. விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. உறையிலிட்டு, துணி சுற்றி, செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

காட்டுக்குள் நிலைமை வேறு. கேதார்காந்தா பாதை உத்தரகாண்டின் கோவிந்த் வனவிலங்குச் சரணாலய, தேசியப் பூங்காப் பகுதிக்குள் செல்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் 31-ஆம் பிரிவு, எழுத்து மூலமான முன் அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. அதே சட்டம் ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் கத்தி என்ற சொல்லே இடம்பெற்றிருக்கிறது. அதில் அங்குலக் கணக்கு எதுவும் இல்லை. ஆகவே, அழைத்துச் செல்லும் குழுவிடம் முன்கூட்டியே கேளுங்கள். சோதனைச் சாவடியில் கேட்டால் மறைக்காமல் எடுத்துக் காட்டுங்கள். வைத்துவிட்டுப் போகச் சொன்னால் வைத்துவிட்டுப் போங்கள். இடுப்பில் பெரிய கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு வருபவரை வனக்காவலர் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறே இல்லை. கண்ணி வைப்பவனும் அப்படித்தான் வருகிறான்.

சாணைக்கல்:

கோவைப்பயணி அவர்களுக்கு, உங்கள் கத்தியைக் காப்பாற்றலாம் என்றே நினைக்கிறேன். முதலில், என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கார்பன் எஃகைக் காய்ச்சித் தோய்த்த பிறகு, பெரும்பாலும் 200 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் மறுபடி வைத்துத்தான் பதம் ஏற்றுகிறார்கள். விளிம்பில் நீலம் தெரிந்தால் அந்த இடம் ஏறத்தாழ 300 பாகையைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அப்படிச் சூடேறிப் பதம் இறங்கி, கடினம் குறைந்துவிட்ட எஃகில் கூர் ஏறும், ஆனால் அந்தக் கூர் நிற்காது. சாணைக்காரர்களைக் குறை சொல்லவில்லை. சக்கரத்தில் தண்ணீர் சொட்டவிட்டு, அடிக்கடி விரலால் சூடு பார்த்துத் தேய்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். மெல்லிய விளிம்பு கண்ணிமைக்கும் நேரத்தில் சூடாகிவிடும் என்பதுதான் சிக்கல். பெரும்பாலும் அந்தச் சேதம் விளிம்போடு நின்றிருக்கும். கையால், ஈரக் கல்லில் மெல்லத் தேய்த்து அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ கழித்துவிட்டால், பதம் குலையாத எஃகு வெளியே வரும்.

ஹார்டுவேர் கடையில் கார்போரண்டம் கல் என்று கேளுங்கள். ஒரு பக்கம் கொரகொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் இருக்கும். அதற்கு மேல், தண்ணீர் விட்டுத் தீட்டும் இன்னும் நைசான 1000 எண் கல் ஒன்று இருந்தால் போதும். எண்ணெய் விட்டுப் பழக்கிய கல்லில் பிறகு தண்ணீர் விடாதீர்கள்.

கோணம்தான் எல்லாருக்கும் குழப்பம். பக்கத்துக்கு 20 பாகை என்று வைத்துக்கொண்டால், 2.5 செ.மீ. அகலமுள்ள அலகின் முதுகு கல்லிலிருந்து எட்டரை மில்லிமீட்டர் உயர வேண்டும். ஒரு ரூபாய் நாணயங்களை ஐந்தாறு அடுக்கினால் கிட்டத்தட்ட அந்த உயரம் வரும். அடுக்கின் மேல் முதுகை ஒருமுறை சாய்த்துப் பார்த்துக் கைக்கு அந்தச் சாய்வைப் பழக்குங்கள். பிறகு விளிம்பை ஒட்டிச் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும் சரிவில் கறுப்பு மார்க்கர் பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை சரிவின் மேலே, முதுகுப் பக்கமாக மட்டும் அழிந்தால் முதுகு தாழ்ந்திருக்கிறது. விளிம்போரம் மட்டும் அழிந்தால் அளவுக்கு மேல் தூக்கிவிட்டீர்கள். சரிவு முழுவதும் சீராக அழியும் இடமே உங்கள் கோணம்.

கொரகொரப்பான பக்கத்தில் ஒரே பக்கமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தால், எதிர்ப்பக்க விளிம்பில் பிசிறு எழும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி வழித்து வெளியே எடுத்தால், நகத்தில் சிக்கும் சன்னக் கம்பிபோல் தட்டுப்படும். விளிம்பின் நீளத்தோடு விரலை ஓட்டவே கூடாது. அடிப்பிடியிலிருந்து நுனிவரை பிசிறு வந்த பிறகுதான் அடுத்த பக்கம் திருப்ப வேண்டும். பொறுமையின்றி முன்பே திருப்புவதால்தான் பலருக்கும் கூர் வருவதில்லை. இரு பக்கமும் முடிந்ததும் நைசான கல்லில், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கத்தியின் எடை மட்டும் கல்லில் படும்படி இழுங்கள். பழைய தோல் இடைவாரின் உட்புறத்தில், முதுகு முன்னே செல்ல, பக்கத்துக்குப் பத்து இழுப்பு இழுத்தால் மிச்சப் பிசிறும் உதிர்ந்துவிடும்.

பழநிச்சாரல்:

தீட்டும் முறையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கத்தியே அந்தப் பயணத்துக்கு வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். விறகுக்கு அரிவாள், கிளை கழிக்கக் கவாத்துக் கத்தி என்று எங்களுக்கு வேலைக்கொரு கருவி உண்டு. ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு வேலைக்கும் பொதுவாக ஒன்றை யாரும் வைத்துக்கொள்வதில்லை. கூடாரத்தில் நாம் வெட்டுவது கயிறு, பொட்டலம், வெங்காயம், எப்போதாவது காயத்துக்கு ஒட்டும் பட்டை. தடித்த கத்தியால் விறகு பிளப்பதைக் காணொளிகளில் பார்த்துவிட்டுப் பலர் அதை வாங்குகிறார்கள். நம் காடுகளில் விறகு வெட்டவும் முடியாது, தீ மூட்டவும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி எரிந்ததைப் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேசவே எனக்கு மனம் வரவில்லை.

நான் எடுத்துச் செல்வது ஸ்வீடனின் மோரா கத்தி. அலகு சுமார் 10 செ.மீ., தடிமன் இரண்டரை மில்லிமீட்டர். அதன் அகன்ற சரிவைக் கல்லில் தட்டையாக வைத்தாலே கோணம் தானாக அமைந்துவிடும் என்பதால், தீட்டக் கற்றுக்கொள்பவருக்கு மிகவும் ஏற்றது. மடக்குக் கத்தி வேண்டுமென்றால் பிரான்ஸின் ஓப்பினல் 8-ஆம் எண் இலகுவானது. ஆனால் அதன் மரப்பிடி மழையில் ஊறினால் அலகைத் திறக்கப் போராட வேண்டியிருக்கும்.

கார்பன் எஃகு என்பதால் இன்னொன்று. தோல் உறைக்குள்ளேயே கத்தியை மாதக்கணக்கில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை வாங்கி அலகில் துருப் புள்ளிகளை வரவழைக்கும். எலுமிச்சையோ தக்காளியோ அரிந்தால் உடனே கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவுங்கள். குளிரில் எண்ணெய் உறைந்துபோகும் என்பதால், வீட்டிலேயே தடவிக்கொண்டு கிளம்புவது நல்லது. பாறையில் உட்கார்ந்து தொடைகளுக்கு நடுவே வைத்து எதையும் சீவாதீர்கள். அங்கே பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது, மருத்துவமனையோ அரை நாள் தொலைவில். கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை, அவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று எங்கள் பாட்டி சொல்வார். முகாமில் நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

கோவைப்பயணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு மாலைகள் உட்கார்ந்து தேய்த்தேன். நீலம் முழுவதும் போய்விட்டது. பிசிறும் விரலில் தட்டுப்பட்டது. அந்த உணர்வை வாசித்துப் புரிந்துகொள்ள முடியாது போலிருக்கிறது, தொட்டவுடன் தெரிந்துவிட்டது. தக்காளி இப்போது சீராக அறுபடுகிறது. ஆனால் நுனியின் வளைவில் மட்டும் கூர் குறைவாக இருக்கிறது. கேதார்காந்தாவுக்குச் சிறிய கத்தி ஒன்றையே, அதுவும் குழுவினரிடம் கேட்ட பிறகே, எடுத்துச் செல்வதாக முடிவு செய்திருக்கிறேன். பயணத்தில் கல் இல்லாதபோது என்ன செய்வது?

சாணைக்கல்:

வளைவுக்கு வரும்போது பிடியை மெல்ல உயர்த்திக்கொண்டே இழுக்க வேண்டும். இல்லையென்றால் நுனிப்பக்கம் கோணம் தாழ்ந்து விளிம்பு கல்லில் படாமல் போகும். அங்கே மறுபடி மார்க்கர் பூசிப் பாருங்கள், உடனே பிடிபடும். பயணத்தில் தங்குமிடத்துப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், அடிவளையத்தில் மெருகு பூசாத சொரசொரப்பான ஓரம் இருக்கும். அதில் அதே கோணத்தில் பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு மெதுவாக இழுத்தால் வெங்காயம் நறுக்கும் அளவுக்குக் கூர் திரும்பிவிடும். கோப்பையை மட்டும் நன்றாகக் கழுவித் திருப்பிக் கொடுங்கள்.