மறுமொழி: பவளத் தொட்டிக் கலைச்சொற்கள் – ‘இசைவாக்கம்’ வேண்டாம்

குழும அன்பர்களுக்கு வணக்கம். பவளம் வளர்க்கும் தொட்டிகளுக்கான நமது தமிழ்க் கையேட்டின் சொற்கள் பற்றி ரொறன்ரோத் தம்பி கேட்டவற்றுக்கு இது என் மறுமொழி.

> புதிய பவளத்தைத் தொட்டியில் சேர்க்கும் முன் செய்யும் ‘அக்ளிமேசன்’ என்பதற்கு ‘இசைவாக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

பொருந்தாது, தம்பி. இலங்கையில் உயிரியல் படித்த யாரிடமும் ‘இசைவாக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். கள்ளியின் முள்ளும் ஒட்டகத்தின் திமிலும்தான் நினைவுக்கு வரும். தமிழகத்தார் தகவமைப்பு என்பதும் அதைத்தான். தலைமுறை தலைமுறையாக ஓர் இனத்துக்கு நேர்வது அது. நீங்கள் ரொறன்ரோவில் தொட்டிக்கு முன்னால் நின்று செய்வதோ வேறு: கடையிலிருந்து வந்த ஓர் உயிரைப் புதிய நீருக்கும் வெளிச்சத்துக்கும் பழக்குகிறீர்கள். அந்த வினையே இருக்கட்டும்: பழக்குதல்.

ஆனால் அதையும் ஒற்றைச் சொல்லாக விட்டுவிட எனக்கு மனமில்லை. ‘பழக்குதல்: 30 நிமிடம்’ என்று கையேட்டில் போட்டால், வாசிப்பவர் அரை மணி நேரம் கழித்துப் பவளத்தை முழு வெளிச்சத்தின் கீழ் வைத்துவிடுவார். எனவே மூன்றாகப் பிரிப்போம்.

வெப்பப்பழக்கம் எளிது. பையைத் திறக்காமல் தொட்டி நீரில் மிதக்கவிட்டால் 15, 20 நிமிடத்தில் வெப்பநிலை சமமாகிவிடும்.

உப்புப்பழக்கம் என்றால் என்னவென்று மட்டக்களப்பில் விளக்க வேண்டியதில்லை. மாரியில் முகத்துவாரம் வெட்டிவிட்டால் வாவி நீரின் குணமே மாறிவிடும். கடைத் தொட்டியில் ஆயிரத்துக்கு 30 பங்கு உப்பும் உங்கள் தொட்டியில் 35 பங்கும் இருந்தால், அந்த இடைவெளியைச் சிறுகச் சிறுகத் தொட்டி நீர் சேர்த்துக் கடக்க வேண்டும். அதற்காக மணிக்கணக்கில் சொட்டவிடவும் கூடாது. நெடுந்தூரம் வந்த பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறும், நீரின் காரத்தன்மை ஏறும், அதுவரை பெரிதாகத் தீங்கு செய்யாத அமோனியம் நச்சு அமோனியாவாக மாறும்.

ஒளிப்பழக்கத்துக்கு நிமிடக் கணக்கு உதவாது, வாரக்கணக்கு வேண்டும். பவளத்தின் தசைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அதன் உணவில் பெரும்பகுதி அவை சமைத்துக் கொடுப்பது. திடீரென்று கடும் வெளிச்சம் பட்டால் அந்தப் பாசிகளே நச்சான ஆக்சிசன் வகைகளை உண்டாக்கும். பவளம் அவற்றை வெளியேற்றிவிட்டு வெள்ளையாகிவிடும். (இதற்கு நாம் முன்பே ஏற்ற ‘வெளிறல்’ நல்ல சொல், மாற்ற வேண்டாம்.) ஆகவே முதலில் தொட்டியின் அடியில் வைத்தோ விளக்கைத் தணித்தோ தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

> ‘டிப்’ என்பதற்கு ‘மருந்துக் குளியல்’?

குளியல் என்றால் சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கை வந்துவிடும். அதுதான் இங்கே ஆபத்து. புதிய பவளத்தில் ஒட்டிவரும் புழுக்களை நீக்கும் இந்த வேலைக்குத் ‘தோய்ப்பு’ போதும். தனிப் பாத்திரத்தில் தொட்டி நீரோடு மருந்தைக் கலந்து, குப்பியில் சொன்ன நேரம் வரை பவளத்தைத் தோய்த்து மெல்ல அலசினால், தட்டைப்புழுக்கள் கழன்று விழும். வெள்ளைப் பாத்திரமாக இருந்தால் அடியில் பழுப்புப் பொட்டுகளாகச் சுருண்டு கிடப்பதைப் பார்க்கலாம். பவளத்தின் மேல் இருந்தவரை அவை அதன் நிறத்திலேயே மறைந்திருந்தவை. முட்டைகள் மட்டும் அசையா. அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தைத் தின்னும் புழு, கிளையின் அடியில் தசை போன இடத்தில் பொன்பழுப்பாகக் கொத்துக் கொத்தாக இடும். அவற்றைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எஞ்சியவை பொரிக்கக்கூடும் என்பதால்தான் தனித் தொட்டியில் வாரக்கணக்கில் வைத்து மறுபடி மறுபடி தோய்க்கிறார்கள். அதற்குத் ‘தனிமைப்படுத்தல்’ இருக்கிறது. 2020க்குப் பிறகு அதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

வளர்க்க வெட்டியெடுக்கும் பவளத் துண்டான ‘ஃபிராக்’ என்பதற்கு வந்த ‘நாற்று’ எனக்கு ஒப்பவில்லை. நாற்று விதையில் முளைப்பது. இதுவோ தாயிலிருந்து ஒடித்து ஊன்றுவது. முருங்கைப் போத்து போல. ஆகவே ‘முருகைப் போத்து’ என்பேன். பவளத்தை இங்கே முருகை என்போம். தமிழக நண்பர்களுக்கு அது புதிதாகத் தோன்றினால் ‘பவளப் போத்து’ என்று வைத்துக்கொள்ளட்டும். ‘போத்தை’ மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதன் வரையறையில் ‘தொட்டியில் வளர்ந்த தாயிலிருந்து வெட்டியது’ என்று கட்டாயம் சேருங்கள். மட்டக்களப்பு மாவட்டக் கரையோரமான காயங்கேணியின் பவளப் பாறையில் ஒரு கிளை ஒடித்துவந்து வளர்க்கலாமா என்று இங்குள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். கற்பவளங்கள் இலங்கையில் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, ஒடிப்பது குற்றம். சுண்ணாம்புக்காக முருகைக்கல்லைச் சூளையில் இட்டு எரித்த காலத்தின் இழப்பே இன்னும் ஈடாகவில்லை.

தோய்ப்பு என்ற பதிவில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பொத்தான் போலக் கொத்தாக வளரும் பட்டன் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண் காப்புக் கண்ணாடியும் இன்றித் தொடக் கூடாது. அவை ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்வதாக எண்ணிக் கொதிக்கவைக்கவே கூடாது, ஆவியோடு நஞ்சும் மூச்சில் ஏறும். இதை அடிக்குறிப்பாகப் போடாமல் வரையறைக்குள்ளேயே எழுதுங்கள்.