பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இளம் பெண்களை எப்படி வரவைக்க?

ஸ்தோத்திரம் அக்காமாரே. தென்காசி பக்கம் ஒரு கிராமத்துல இருக்கிற சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களது. இந்த வருஷம் சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில வந்து விழுந்திருக்கு.

வியாழன் மதியம் 3 மணிக்குக் கூடுகை. வர்றது பன்னிரண்டு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டினவங்க. எனக்கு 41, நான்தான் சின்னப் பிள்ளை! இளம் பெண்கள் பாதிப் பேர் பீடி சுத்துறாங்க, அந்த நேரம் கடையில கணக்குக் கொடுக்கப் போகணும். மீதிப் பேர் ஜவுளிக்கடை வேலை முடிஞ்சு ராத்திரி 9 மணிக்குத்தான் பஸ் இறங்குறாங்க. அவங்களைக் குறை சொல்ல மனசு வரல. நேரத்தை மாத்தலாம்னா, "எங்க மாமியார் காலத்துல இருந்தே வியாழன்தான்"ங்கிறாங்க பெரியம்மாமார்.

பைபிள்ல அப்போஸ்தலர் 9ல, ஏழைகளுக்கு உதவி செஞ்ச தொற்காள் இறந்தப்போ, விதவைகள் அவ தைச்ச துணியைக் காட்டித்தானே அழுதாங்க? நம்ம சங்கம் பாட்டு, ஜெபம், காணிக்கையோட நின்னுடுது.

ராத்திரிக் கூடுகையோ தெருவாரியா வீட்டு ஜெபமோ நடத்தினவங்க இருக்கீங்களா? கைப்பிள்ளைக்காரிகளை எப்படிச் சேர்த்தீங்க? பெரியவங்க மனசு நோகாம எப்படிப் பேசினீங்க? ஐயரம்மா (போதகரோட மனைவி) என் பக்கம்தான். மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாளுக்குள்ள அஞ்சு புது முகமாவது வரணும்.