சென்கிளேயர் அருவிக்கு எவ்வளவு கட்டுவீங்கன்னு கேட்டா பாதிப்பேர் "ஒண்ணுமில்ல"ங்கிறாங்க, இத எப்படி கணக்குல போடுறது?

மேமலைப்பய:
வணக்கம் அண்ணமாரே அக்காமாரே. கெம்பஸ்ல கடைசி வருஷம், பொருளியல். ஆய்வுக்கு இலங்கை மலையகத்துல, தலவாக்கலைப் பக்கம் இருக்குற சென்கிளேயர எடுத்துருக்கேன். 2012ல மேல் கொத்மலை நீர்மின் திட்டம் ஓடத் தொடங்குனதுல இருந்து தண்ணி சுரங்கத்துக்குள்ள போயிருது, அருவிக்குன்னு பகல்ல திறந்து விடுறதுதான் விழுது, அது இங்க எல்லாருக்கும் தெரியும்தானே. பழையபடி முழுசா விடணும்னா கரண்ட் கொறயும், அத ஈடு கட்ட உங்க பில்லுல மாசம் எவ்வளவு கூட கட்டுவீங்க, இதான் என் கேள்வி. லயத்துல, அதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்ல, 40 வீட்டுல கேட்டேன், 26 வீட்டுல பூஜ்யம். ஆனா ஒரு பாட்டி பூஜ்யம்னு சொல்லிட்டு அர மணி நேரம் அந்த அருவிய பத்தியே பேசுச்சு, முன்னெல்லாம் அருவி சத்தம் மாறுறத வச்சே மேல மழைன்னு கண்டுபிடிச்சு துணிய எடுத்துருவாங்களாம். கடைசில "தண்ணிய எடுத்தவுக இருக்காக, அவுகள்ட்ட போயி கேளு, என்கிட்ட என்னத்துக்கு கேக்குற"ன்னு ஒரு போடு. இந்த பாட்டிக்கும் 0 தானா?

பழைய_பெட்ச்:
தம்பி, அந்த 26ஐயும் ஒரே பூஜ்யமா போட்டா ஆய்வு போச்சு. "எனக்கு அருவி இருந்தா என்ன போனா என்ன"ங்கிறது ஒரு பூஜ்யம். "ஆச இருக்கு, கையில காசு இல்ல" அது வேற. பாட்டி சொன்னது எதிர்ப்புப் பூஜ்யம், அது கேள்வியையே ஏத்துக்கல. ஏன் பூஜ்யம்னு பின்னாடியே ஒரு கேள்வி கேட்டியா? கேக்கலைன்னா திரும்ப போ, வேற வழி இல்ல.
அப்புறம் "எவ்வளவு"ன்னு மொட்டையா கேக்காத. 1989ல அலாஸ்கால எக்சன் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டுனப்ப இந்த முறையிலதான் நட்டத்த கணக்கு பாத்தாங்க, பெரிய சண்டை ஆச்சு, அதுக்கப்புறம் அமெரிக்க அரசு ஆரோ, சோலோன்னு ரெண்டு நோபல்காரங்க தலைமையில குழு போட்டுது. 1993ல அவங்க சொன்னது, ஒரு தொகைய சொல்லி ஆமாவா இல்லையான்னு ஓட்டு மாதிரி கேளுங்கன்னு. ஒரு வீட்டுல 20 ரூபா, அடுத்த வீட்டுல 100ன்னு மாத்தி மாத்தி கேளு. இன்னொண்ணு, நீ போன லயத்துல எல்லா வீட்டுக்கும் தனி மீட்டர் இருக்கா? இல்லாதவங்கள்ட்ட பில்லுல கூட்டவான்னு கேட்டா சிரிப்பாங்க.

வளைவு_சோளக்கடை:
நான் படிச்சவன் இல்ல, ஏ7 ரோட்டு வளைவுல சோளம் அவிச்சு விக்கிறேன். சீசன்ல கொழும்பு வேன் வரிசையா நிக்கும். அவங்க செலவழிச்ச டீசல கணக்கு பாத்தா போதாதா?

பழைய_பெட்ச்:
அண்ணே, நீங்க சொன்னத ஹோட்டலிங்னு ஒருத்தர் 1947லயே அமெரிக்க பார்க்குகளுக்கு எழுதிக் குடுத்துட்டாரு, பயணச் செலவு முறைன்னு பேரு. ஆனா அந்த வேன் நுவரெலியாவுக்கு போற வழியில பத்து நிமிஷம் நிக்குது, பக்கத்து டெவன் அருவிக்கும் நிக்குது, முழு டீசலையும் சென்கிளேயர் தலையில கட்ட முடியாது. அதவிட பெரிய கோளாறு, பாட்டிக்கு பயணச் செலவே இல்ல. வாசல்லயே அருவி இருக்குறவங்க இந்த கணக்குக்குள்ளயே வரமாட்டாங்க.

கூத்துக்காரன்:
கேக்கவே எரிச்சலா இருக்கு, இருந்தாலும் சொல்றேன். எங்க தோட்டத்துல மாசி மாசம் காமன் கூத்து, சிவன் எரிச்ச மன்மதன் கதை. எவ்வளவு தருவீங்கன்னு யாரும் கேக்குறதில்ல. ஒரு வீட்டுல அரிசி, ஒரு வீட்டுல தேங்கா, ரதி வேஷம் கட்டுற பய அம்புட்டு ராத்திரியும் ஆடிட்டு மறுநாள் காலையில வேல பிரிக்கிற பெரட்டுக்கு போகமாட்டான், ஒரு பேரு போச்சு, அதாவது ஒரு நாள் வேலையும் சம்பளமும். ஒப்பாரி வைக்கிற கெழவிகளுக்கு தொண்ட போச்சு. எங்க ஆளுக காசுல சொல்லமாட்டாங்க, பேருல கேளு தம்பி.

மேமலைப்பய:
அண்ணே இது நல்லா இருக்கே! மாசம் எத்தன பேரு விட்டுக் குடுப்பீங்கன்னு கேக்கலாமா? அப்புறம் சம்பளத்தால பெருக்கிடலாம்ல?

பழைய_பெட்ச்:
கேளு, ஆனா பெருக்காத. வேல இல்லாத நாள விடுறதும் கொழுந்து நல்லா இருக்குற நாள விடுறதும் ஒண்ணா? நாள நாளாவே எழுது. அளவ மாத்தியும் கேட்டு பாரு, பகல் மட்டும் தண்ணின்னா எத்தன நாள், முழுநாளும்னா எத்தன நாள். ரெண்டுக்கும் ஒரே பதில் வந்தா உஷாரா இரு. அமெரிக்கால ஒரு ஆய்வுல எண்ணெய்க் குட்டையில விழுந்து சாகுற பறவைய காப்பாத்த எவ்வளவு தருவீங்கன்னு கேட்டாங்க, 2000 பறவைக்கு 80 டொலர், 20,000க்கு 78, ரெண்டு லட்சத்துக்கு 88. ஜனங்க பறவைய எண்ணல, மனசாறுதலுக்கு ஒரு தொகைய சொல்லியிருக்காங்க.

மேமலைப்பய:
நேத்து அதே பாட்டிகிட்ட போனேன். மாசம் ரெண்டு பேரு விடுவேன்னுச்சு, யோசிக்கவே இல்ல. நான் எழுதிட்டு இருக்கேன், "ஆமா அங்க வந்து என்னா வேல செய்யணும், கொடத்துல மொண்டு மேல இருந்து ஊத்தணுமா"ன்னு கேக்குது. இத எந்த கட்டத்துல போடுறது, யாராச்சும் சொல்லுங்க.