பேனாக்கத்தி இரவல் கேட்டா குடுப்பீங்களா?

பெரம்பூர் ஃபிட்டர்:
பாக்கெட்ல மடக்குக்கத்தி வெச்சிருக்கறவங்ககிட்ட ஒரு கேள்வி. யாராச்சும் "கத்தி குடுங்க, ஒரு நிமிஷம்"னு கேட்டா எடுத்து குடுத்துடுவீங்களா? நான் குடுக்கறதில்ல. என்ன அறுக்கணுமோ கொண்டாங்க, நானே அறுத்து தரேன்னு சொல்லிடுவேன். இதுக்கு வேலை பாக்கற எடத்துல கஞ்சன்னு பேரு வந்தாச்சு, வந்தா வரட்டும். கேக்கறவங்கள்ல முக்காவாசி பேருக்கு அறுக்கற வேலையே இருக்காது, பெயின்ட் டப்பா மூடிய நெம்பணும், ஸ்விட்ச் போர்டு ஸ்க்ரூ கழட்டணும், வயர் சீவணும், இதுக்குதான் கேக்கறாங்க. என்கிட்ட இருக்கறது விக்டோரினாக்ஸ்ங்கற சுவிஸ் கம்பெனி கத்தி, மடக்கினா 91 மில்லிமீட்டர் நீளம் வர்ற மாடல், முனை நல்ல மெல்லிசு. அது நெம்பறதுக்கு செஞ்சதே கிடையாது. முனை உடைஞ்சுதுன்னா தேச்சு தேச்சு புது முனை கொண்டு வர்றதுக்குள்ள பிளேடே குட்டையாயிடும். வாழ்நாள் வாரன்டின்னு சொல்வாங்க, அது தயாரிப்புல குறை இருந்தா மட்டும்தான், கண்டபடி யூஸ் பண்ணி உடைச்சதுக்கெல்லாம் கெடையாது.

வேளச்சேரி வாசி:
மன்னிக்கணும் சார், என்னால ஒத்துக்கவே முடியல. கத்திய பாக்கெட்ல வெச்சுக்கறதே நாலு பேருக்கு உதவும்னுதானே. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, கரன்ட் கிடையாது, போன்ல சார்ஜ் கிடையாது, மாடியிலேர்ந்து கயிறு விட்டு பக்கெட்ல பால் பாக்கெட்டும் பிரெட்டும் ஏத்திக்கிட்டிருந்தோம், தார்ப்பாய் கட்ட நைலான் கயிறு துண்டு துண்டா வேணும், என் கத்தி கீழ்வீட்டு பையன் கைக்கு போச்சு, அங்கேர்ந்து எதிர்வீட்டுக்கு போச்சு, அப்புறம் யார் யார்கிட்ட சுத்துச்சோ தெரியாது, மறுநாள் கழுவி துடைச்சு என் வீட்டுக்கே வந்து சேர்ந்துது. கொண்டு வந்து குடுத்தவர் யாருன்னே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. அன்னிக்கு நான் ஒவ்வொரு வீடா போய் "கொண்டாங்க நானே அறுக்கறேன்"னு நின்னிருக்க முடியுமா?

பெரம்பூர் ஃபிட்டர்:
உயிர் போற அவசரத்துல நானும்தான் குடுப்பேன், அதுல சண்டையே இல்ல. நான் கேக்கறது சாதாரண நாளுக்கு. நீங்க சொன்ன கதையிலயே என் பயம் இருக்கு பாருங்க, யார் யார்கிட்ட சுத்துச்சுன்னு தெரியாதுன்னு சொல்றீங்க. நான் குடுத்த ஆள எனக்கு தெரியும், அவர் எப்படி வேலை செய்வார்னும் தெரியும். அவர் யாருக்கு குடுப்பார்னு எனக்கு எப்படி தெரியும்? எங்க வொர்க்ஷாப்ல நடந்தது, கூட வேலை பாக்கற ஒருத்தர் கத்திய வாங்கிட்டு கேன்டீன் பக்கம் போனார், அங்க வேற ஒரு தம்பி அத வாங்கி பீங்கான் தட்டு மேலயே எலுமிச்சம்பழத்த வெச்சு டக்கு டக்குன்னு நறுக்கியிருக்கான். கையில வந்தப்போ வெளிச்சத்துல புடிச்சு பாத்தேன், கத்தி வாய், அதான் அறுக்கற விளிம்பு, அது நெடுக வெள்ளையா கோடு மின்னுது. வாய் மழுங்கினா அப்படிதான் வெளிச்சம் பட்டு திரும்பும், கூரா இருக்கற வாய் கண்ணுக்கே தெரியாது. பீங்கான், கத்தியோட ஸ்டீல விட கெட்டி. அந்த பையன் மேல தப்பு சொல்ல மாட்டேன், அவனுக்கு யாரும் சொல்லித்தரல. ஆனா ஒரு ஞாயித்துக்கெழம காலை முழுக்க கல்லுல தீட்டிக்கிட்டு உக்காந்தது நான்தான்.

மயிலாப்பூர் நர்ஸ்:
நீங்க ரெண்டு பேரும் கத்திக்கு என்ன ஆகும்னே பேசறீங்க, கைக்கு என்ன ஆகும்னு யாரும் சொல்லல. இந்த மாதிரி பேனாக்கத்தி நெறைய மாடல்ல பிளேடுக்கு லாக் கெடையாது, பின்னாடி ஒரு ஸ்பிரிங் அழுத்தி புடிச்சிருக்கு, அவ்வளவுதான். பழகாதவங்க முனையால குத்தி ஓட்டை போட பாப்பாங்க, பிளேடு படக்குன்னு மடங்கி ஆள்காட்டி விரல்ல இறங்கும். நரம்பு வரைக்கும் வெட்டுப்பட்டு கேஷுவால்ட்டிக்கு வந்தவங்களுக்கு கட்டு போட்டிருக்கேன், தையல் போட்டு, ரணஜன்னி வராம இருக்க போடற டிடி ஊசியோட போனா அதிர்ஷ்டம். கூரான கத்திய மழுங்கல் கத்தி மாதிரி அழுத்தறது இன்னொரு ஆபத்து. வீட்டு கத்தியோட பழக்கத்துல அழுத்துவாங்க, இது வெண்ணெயில போற மாதிரி போயிடும். அதனால எனக்கு தெரியாத கைக்கு குடுக்கறது வேணாம். பெரியவங்க கத்திய கைக்கு கை குடுக்காத, கீழ வை, அவங்க எடுத்துக்கட்டும்னு சொல்லுவாங்கல்ல, சண்டை வரும்னு காரணம் சொன்னாலும் பழக்கம் நல்ல பழக்கம். ஒரே நேரத்துல ரெண்டு கை ஒரு கத்தியில இருக்காது.

அண்ணா நகர் ப்ரோ:
லாக் இருக்கற கத்தி வாங்கிக்கலாமே. பிரான்ஸ் கம்பெனி ஒபினெல்லோட மடக்குக்கத்தியில 1955லேர்ந்தே வளையத்த திருப்பினா பிளேடு பூட்டிக்கும், குறடு, கத்தி எல்லாம் சேர்ந்து வர்ற லெதர்மேன் வேவ் மாதிரி டூல்லயும் பிளேடு லாக் ஆகும். இன்னொரு வழி, நான் பண்றது, பையில தனியா ஒரு கட்டர் வெச்சிருக்கேன், மழுங்கின முனைய ஒடிச்சு போடற டைப். யார் கேட்டாலும் அதான். கொரியர் டப்பா பிரிக்க அதான் சரி, அட்டைப்பெட்டியில கண்ணுக்கு தெரியாத மண்ணு பொடி கலந்திருக்கும், எந்த கத்தியும் சீக்கிரம் மழுங்கும்.

வேளச்சேரி வாசி:
ப்ரோ, நல்லத உங்களுக்கு வெச்சுக்கிட்டு மட்டமானத எதிர்ல இருக்கறவருக்கு நீட்டறீங்க, அவருக்கு புரியாதா? நர்ஸ் மேடம் சொல்றது நியாயம், குழந்தைங்ககிட்டயும் பழகாதவங்ககிட்டயும் நானும் குடுக்க மாட்டேன். ஆனா பழகினவர்கிட்ட "நானே அறுக்கறேன்"னு சொல்றது அவர் முகத்துல அடிக்கறது. எக்மோர்லேர்ந்து திருநெல்வேலி போற ராத்திரி ரயில்ல எதிர் சீட்டுல ஒரு பெரியவர், மடியில பங்கனப்பள்ளி மாம்பழம், தம்பி கத்தி இருக்கான்னு கேட்டார். குடுத்தேன். தோல அறுபடாம ஒரே சுருளா உரிச்சு, சதைய கொட்டை ஒட்ட சீவி கம்பார்ட்மென்ட்ல இருந்த குழந்தைங்களுக்கு மொதல்ல குடுத்துட்டு அப்புறம்தான் அவர் வாயில வெச்சார், கத்திய தண்ணி ஊத்தி கழுவி, வேட்டி முனையால ஸ்பிரிங் இடுக்கு வரைக்கும் துடைச்சு, மடக்கி குடுத்தார். அந்த மனுஷன்கிட்ட நான் கொண்டாங்கன்னு சொல்லியிருந்தா அவர் என்னைய பத்தி என்ன நெனச்சிருப்பார்? அவர் கை வேலையில பாதிகூட எனக்கு வராது சார்.

பெரம்பூர் ஃபிட்டர்:
அந்த பெரியவருக்கு நானும் குடுத்திருப்பேன். அவர் துடைச்ச விதத்த சொன்னீங்கல்ல, அந்த விதத்துக்கே குடுக்கலாம். ஆனா அவர் எப்படி துடைப்பார்னு குடுக்கறதுக்கு முன்னாடியே உங்களுக்கு தெரியாதே. நீங்க நம்பி குடுத்தீங்க, நல்லபடியா முடிஞ்சுது. எல்லா நாளும் முடியாது. இன்னொன்னு யோசிங்க, இரவல் வாங்கினவர் மறந்து அத பாக்கெட்லயே போட்டுக்கிட்டு மீனம்பாக்கத்துல ஃப்ளைட் ஏற போறார், செக்யூரிட்டியில சிஐஎஸ்எஃப் எடுத்துடுவாங்க, கேபின் பையில கத்தி கூடாது, செக்இன் லக்கேஜ்ல மட்டும்தான் விடுவாங்க. அதுக்கப்புறம் யார் யார்கிட்ட கேக்கறது?

வேளச்சேரி வாசி:
அப்படி போச்சுன்னா போகட்டும், இன்னொன்னு வாங்கிக்கலாம். கேட்டவர்கிட்ட இல்லன்னு சொன்னத திருப்பி வாங்க முடியாது. நான் குடுக்கும்போதே சொல்லிடறேன், நெம்பாதீங்க, தட்டு மேல நறுக்காதீங்க, வேற யார்கிட்டயும் குடுக்காதீங்கன்னு. சொன்னா கேட்டுக்கறாங்க சார், நம்ம ஊர்ல யாரும் வேணும்னு கெடுக்கறதில்ல. இதுல நீங்களும் நானும் ஒத்துப்போக மாட்டோம்னு தெரியுது. அத விடுங்க, வெள்ளை கோடு சொன்னீங்களே, இப்ப எடுத்து பாத்தேன், என்னோடதுலயும் நடுவுல தெரியுது. தெருவுல வர்ற சாணைக்காரர்கிட்ட குடுத்துடலாமா?

பெரம்பூர் ஃபிட்டர்:
சக்கரத்துல வேணாம் சார். அரிவாள்மனைக்கு அது போதும், இவ்வளவு மெல்லிசு பிளேடு சூடேறி நீலம் பாரிச்சுதுன்னா அந்த எடத்துல ஸ்டீலோட கெட்டித்தன்மை போயிடும், அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. தண்ணி விட்டு தேய்க்கற நைஸ் கல்லு வாங்குங்க, பக்கத்துக்கு 15லேர்ந்து 20 டிகிரி சாய்வு, கோணம் மாறாம மெதுவா தேய்ங்க. ஒரு பக்கம் தேச்சதும் மறுபக்கம் விரல வெச்சு தடவினா நுனியில சொரசொரன்னு மடிப்பு தட்டும், தட்டினப்புறம்தான் திருப்பணும். கடைசியா பழைய தோல் பெல்ட்ல வாய்க்கு எதிர்ப்பக்கமா நாலு இழு இழுத்துட்டு, கீல்ல தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு விடுங்க. தேங்காயெண்ணெய் விடாதீங்க, நாள்பட பிசினாயிடும்.