அண்டர்வே, மேக்கிங் வே: இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

தம்பி அனுப்பிய கப்பல் கலைச்சொல் பட்டியலில் 'அண்டர்வே' (underway) என்பதற்கு 'ஓடும் கப்பல்' என்றிருக்கிறது. இதை மாற்றியே ஆகவேண்டும். கடலில் கப்பல்கள் மோதாமலிருக்க வகுத்த 1972 சர்வதேச விதிகளின்படி நங்கூரமிடாத, கரையில் கட்டாத, தரைதட்டாத எந்தக் கலமும் அண்டர்வேதான், அது எஞ்சினை நிறுத்திவிட்டுச் சும்மா மிதந்தாலும். தண்ணீரைக் கிழித்துப் போவதுதான் 'மேக்கிங் வே' (making way).

மூடுபனியில் இந்த வேறுபாட்டைக் காதுதான் சொல்லும். நீரைக் கிழித்துப்போகும் எஞ்சின் கப்பல் ஒரு நெடுஞ்சங்கு, அதாவது நீண்ட ஒலி, ஊதும். நின்று மிதப்பது இரண்டு ஊதும், நடுவில் சுமார் 2 விநாடி விட்டு. இரண்டுமே 2 நிமிடத்துக்கு ஒருமுறையாவது ஊதவேண்டும். 'ஓடும் கப்பல்' என்று படித்தவர், நின்றுவிட்டோமே என்று நங்கூரக் கப்பலைப் போல நிமிடத்துக்கொரு தடவை மணியடித்தால்? கேட்பவர் அதை ஓரிடத்தில் நிற்பதாகவே நினைப்பார்.

என் பரிந்துரை: அண்டர்வேக்குப் பிடிவிட்ட கலம், மேக்கிங் வேக்கு நகரும் கலம்.

—

அண்ணா, சொன்ன காரணம் சரி. சொற்கள் இரண்டும் இடிக்கின்றன.

'பிடிவிட்ட' என்றால் சுக்கான் பழுதாகித் தறிகெட்ட கப்பல் என்றே படும். அதற்குச் சங்கே வேறு: ஒரு நெடுஞ்சங்கு, இரண்டு குறுஞ்சங்கு. அதற்குப் பதில் 'அவிழ்நிலை' என்றால் கயிறும் நங்கூரமும் உடனே கண்முன் வரும்.

'நகரும்' அதைவிடச் சிக்கல். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வெளியே கடலில் அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கே இழுக்கிறது. எஞ்சின் நின்ற கப்பலும் ஜி.பி.எஸ்.-இல் சில நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வேகம் காட்டும். அது தரையை ஒட்டிய வேகம்; விதி கேட்பது நீரை ஒட்டிய ஓட்டம். 'உந்துநிலை' என்றும் வைக்கமுடியாது. எஞ்சினை நிறுத்திய பிறகும் கனத்த கப்பல் வெகுதூரம் வழுக்கிப்போகும், அதுவரை ஒரு நெடுஞ்சங்குதான். ஆகவே 'நீர்கிழி ஓட்டம்'. பக்கவாட்டில் எட்டிப்பார்த்து, நுரை பின்னால் போகாமல் கப்பலோடு சேர்ந்தே மிதந்தால் ஓட்டம் நின்றது என்று விளக்கமும் சேர்க்கலாம்.

நெடுஞ்சங்கு, குறுஞ்சங்கு இரண்டும் அருமை. ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் அளவைச் சொல்லோடு சேர்த்தே அச்சிடுங்கள்: நெடுஞ்சங்கு 4 முதல் 6 விநாடி, குறுஞ்சங்கு சுமார் 1 விநாடி. நெடுஞ்சங்கை 2 விநாடியில் முடித்தால், கேட்பவருக்கு அது எதிலும் சேராது.

—

அவிழ்நிலை, நீர்கிழி ஓட்டம் இரண்டும் எனக்குச் சம்மதம். 'பிடிவிட்ட கலம்' அடித்துவிட்டேன்.